இயற்கைப் புகை என்னும் மயக்கம்

பினாங்கில் தமிழர் நாலு பேர் கூடும் இடத்தில், அது தண்ணீர்மலைக் கோவிலின் பந்தியாயினும் கடைத்தெருவின் தேநீர்க் கடையாயினும், புற்றுநோயைப் பற்றிப் பேச்சு எழுந்துவிட்டால், தவறாமல் ஒருவர் ஒரு சித்தாந்தத்தை எடுத்து வைக்கிறார்: ஆலைப் புகையும் லாரிப் புகையும் ரசாயனம், அவைதாம் விஷம், விறகும் கரியும் சாம்பிராணியும் இயற்கை தந்தவை, ஆகையால் அவற்றின் புகை உடம்பை ஒன்றும் செய்யாது, சொல்லப்போனால் கிருமியைக் கொன்று வீட்டைச் சுத்தி செய்கிறது. இதற்குச் சாட்சியாக ஒரு பாட்டியும் தவறாமல் வருகிறாள். தோட்டத்து லயத்தில் விறகடுப்பின் முன் ஆயுள் முழுதும் உட்கார்ந்து, தொண்ணூறு வயதில் பல் விழாமல் கண்மூடியவள் அவள். இப்போது வாட்ஸ்அப்பிலும் வந்துவிட்டாள்.

அந்தப் பாட்டியின் பேரில் எனக்குப் பகை ஒன்றுமில்லை. அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவோர் மீதுதான் எனக்குக் கோபம். தொண்ணூறு வரை இருந்தவளைப் பேரன்மார் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே லயத்தில் அதே புகையில் இருமியிருமி ஐம்பதில் போனவளுக்கும், ரப்பர் ஷீட்டுகளைப் புகையிட்டு உலர்த்தும் கொட்டகையில் நாள்தோறும் விறகு தள்ளிய அவள் கணவனுக்கும் என்ன வியாதி கண்டது என்று எழுதிவைத்தவர் யார்? பிழைத்தவரை மட்டும் எண்ணிவிட்டு ஆபத்தே இல்லை என்று முடிவு கட்டுவது அனுபவ ஞானமாகாது. அது கணக்குத் தெரியாமை.

விஷயம் இதுதான். மரமோ கரியோ கொழுப்போ டீசலோ, கார்பன் உள்ள எந்தப் பொருளும் போதிய காற்றின்றி அரைகுறையாக எரியும்போது, சிதறிய கார்பனும் ஹைட்ரஜனும் மீண்டும் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு, பலவளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்று ரசாயன சாஸ்திரம் பெயரிட்டிருக்கும் ஒரு பெரிய குடும்பமாகப் புகையிலும் கரியிலும் ஏறிக்கொள்கின்றன. ஐந்து வளையங்கள் கொண்ட பென்சோபைரீன் அக்குடும்பத்திற்குள் மிகவும் கெட்ட பெயர் வாங்கியது. சந்தனக் கட்டையில் பிறந்த பென்சோபைரீனுக்கும் பழைய டயரில் பிறந்ததற்கும் எள்ளளவும் பேதம் கிடையாது. தீங்கு எரிபொருளின் குலத்தில் இல்லை, எரிகிற விதத்தில் இருக்கிறது. இதில் ஒரு விபரீதமும் உண்டு: உள்ளே வந்த இப்பொருளை நீரில் கரையும்படி மாற்றி வெளியேற்றுவதற்காக நம் உடம்பின் நொதிகள் செய்யும் முயற்சியே, அதை மரபணுவின் மேல் ஒட்டிக்கொள்ளும் பொருளாக ஆக்கிவிடுகிறது. இயற்கை இயற்கை என்று கொண்டாடுகிறோமே, இந்தக் காரியத்தைச் செய்வதும் இயற்கைதான்.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியன்று. டீசல் எஞ்சின் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே, 1775-இல், லண்டன் ரண வைத்தியர் பெர்சிவல் பாட், வீட்டுப் புகைக்கூண்டுகளுக்குள் ஏறித் துடைக்கும் வேலைக்குச் சிறு பிராயத்திலேயே அனுப்பப்பட்டவர்களுக்குப் பின்னாளில் விதைப்பையில் வரும் புற்றுக்கு, தோலின் மடிப்புகளில் படிந்த புகைக்கரியே காரணம் என்று எழுதினார். யாமகிவா, இச்சிகாவா என்னும் ஜப்பானியர் இருவர் முயல்களின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்காகத் தடவித் தடவி, 1915-இல் புற்றை வரவழைத்தே காட்டினார்கள். 1933-இல் லண்டனில் கென்னவேயின் கூட்டத்தார் இரண்டு டன் தார்க்கீலை வடித்துப் பிரித்துப் பென்சோபைரீனைத் தனியே எடுத்தனர். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இன்று அதை முதல் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்று விளைவிப்பது நிச்சயம் என்ற வகுப்பில், வைத்திருக்கிறது.

சீனத்தின் யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்றொரு பிரதேசம் உண்டு. அங்கே சிகரெட்டைத் தொட்டறியாத குடியானவப் பெண்கள் நுரையீரல் புற்றில் ஏராளமாக மடிந்தார்கள். வீட்டுக்குள் குழியடுப்பில் புகைபோக்கியின்றி எரித்த புகைமிக்க நிலக்கரியே காரணம் என்று தெரிந்தது. புகைபோக்கியுள்ள அடுப்புக்கு மாறிய குடும்பங்களில் அந்நோய் ஆண்களிடம் 41 விழுக்காடும் பெண்களிடம் 46 விழுக்காடும் குறைந்திருந்ததை 2002-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. எரிபொருள் மாறவில்லை, மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை; புகை வெளியேற வழி விட்டார்கள், அவ்வளவே.

அது நிலக்கரி, நம்முடையது விறகு என்பார்கள். மெய்தான், வீட்டுக்குள் எரியும் விறகின் புகையை அந்தச் சர்வதேசப் புற்றுநோய் நிறுவனம் ஒரு படி கீழே, அநேகமாகப் புற்று விளைவிக்கும் என்ற வகுப்பில் வைத்திருக்கிறது. ஒரு படி இறங்கியதை விடுதலைத் தீர்ப்பாக வாசிப்பதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். ஊதுபத்தியைத் தொட்டால் பலருக்கு மனம் புண்படுகிறது. ஆயினும் சொல்லாமலிருக்க முடியாது. அண்டை நாடான சிங்கப்பூரில் 61,000-க்கும் மேற்பட்ட சீனரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் நெடுங்காலம் ஊதுபத்தி கொளுத்தியவர்களுக்கு மேல் சுவாசப் பாதையில் சில வகைப் புற்றுகள் அதிகமாகக் காணப்பட்டன. நுரையீரல் புற்று மொத்தத்தில் கூடவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்லிற்று. பூஜையை நிறுத்தும்படி நான் யாருக்கும் உபதேசிக்கவில்லை. ஏர்கான் போட்டு ஜன்னலையெல்லாம் அடைத்த அடுக்குமாடி வீட்டில் சாம்பிராணி போட்டுவிட்டு, காற்று சுத்தமாயிற்று என்று குழந்தைகளைக் கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள் என்கிறேன்.

மற்ற கதைகளுக்கு இத்தனை பொறுமை எனக்கில்லை. ஒரு குச்சி சாத்தே தின்றால் இத்தனை சிகரெட் பிடித்ததற்குச் சமம் என்று எண்ணிக்கையோடு உலவும் கணக்கு சுத்தக் கற்பனை. கொழுப்பு தணலில் சொட்டிப் புகையும்போது இறைச்சியில் பென்சோபைரீன் ஏறுவது உண்மை, கருகியதைக் கிள்ளிவிட்டுத் தின்பது நல்லது, அதற்கு மேல் அங்கே பீதிக்கு இடமில்லை. பால் குடித்தால் புகை கழுவிப் போய்விடும் என்பது, இரைப்பைக்கும் நுரையீரலுக்கும் வெவ்வேறு வழி என்பதை அறியாதவர் பேச்சு. சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் காலத்தில் கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டுவதும் அவ்வகைதான். நுண்துகளைத் தடுப்பது முகத்தோடு படிந்து நிற்கும் என்95 கவசமே.

தின்பவனைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம், சமைப்பவனை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. சார் குவே தியாவ் போடுகிறவர், கரியடுப்புக்கு விசிறியால் காற்றுக் கொடுத்துக்கொண்டு, பன்றிக் கொழுப்பு புகையும் சட்டியின் மேல் கவிழ்ந்து, கண்ணை இடுக்கியபடி ஒவ்வொரு தட்டாக மாலை முழுதும் வறுக்கிறார். நாம் ஐந்து நிமிஷம் நின்று, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போகிறோம். உயர்ந்த வெப்பத்தில் எண்ணெயிட்டு வறுக்கும் புகையும் விறகுப் புகை நிற்கும் அதே வகுப்பில்தான் நிற்கிறது. இந்நகரம் மரபுக் கட்டிடங்களுக்குச் செய்யும் சம்ரட்சணையில் ஒரு பங்கையாவது அடுப்பின் தலைக்கு மேல் ஒரு புகைபோக்கிக்குச் செய்யலாகாதா?

இதைவிட என்னை வாட்டுவது மோட்டார் பட்டறை. எஞ்சினில் ஓடிக் கறுத்த எண்ணெயில் இந்த ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்திருக்கின்றன. நம் பையன்கள் அதில் முழங்கை வரை தோய்கிறார்கள், பெட்ரோலில் கை கழுவுகிறார்கள், எண்ணெயில் ஊறிய கந்தலைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டு நாள் முழுதும் தொடையோடு உரச விடுகிறார்கள். லங்காஷயர் பஞ்சாலைகளில் நூற்பு யந்திரத்தின் எண்ணெய் கால்சட்டையை நனைத்து நனைத்துத் தொழிலாளிகளுக்கு அதே விதைப்பைப் புற்றைக் கொடுத்தது 1922-இலேயே பதிவான செய்தி. பரிகாரமோ அதனினும் பழையது: டென்மார்க்கின் புகைக்கூண்டு துடைப்போர் சங்கம் 1778-இல் தினந்தோறும் குளிக்கும்படி தன் அங்கத்தினர்க்குச் சொல்லிவிட்டது. 1892-இல் பட்லின் என்னும் ஆங்கில வைத்தியர் விசாரித்தபோது, உடம்பை மூடும் உடுப்பும் குளியலும் வழக்கமாயிருந்த ஐரோப்பிய நாடுகளில் அந்நோய் அபூர்வமாயிருந்தது.

ஆகவே பட்டறை முதலாளிகள் குழாயடியில் சோப்பு வைக்கட்டும், கையுறையும் மாற்று உடுப்பும் கொடுக்கட்டும், அழுக்குடுப்பு வீட்டுக்குப் போகாமல் பட்டறையிலேயே துவைபடட்டும். வேலை செய்வோரும் எந்த வருஷம் எந்த இடத்தில் எதைக் கையாண்டோம் என்பதை ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும். ஏனெனில் இந்த வியாதி இருபது முப்பது வருஷம் கழித்து வரும், அப்போது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிடம் போய் நின்றால், ‘எங்கே வேலை செய்தீர்கள், எத்தனை காலம்?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.