கரீக் மரமா, மன்சூரிச் செடியா?

உத்தராகண்ட் மாநிலத்தில் கார்வால் மலைப் பகுதி உள்ளது. அங்கே ஒரு சிற்றூர். ஐப்பசி மாதம். ஆறு வயதுப் பையன் ஒருவன் வயல் வரப்பில் நின்றான். அவன் கையில் கருப்புப் பழங்கள். வாயிலும் ஒரு பழம்.

தாய் பதறிவிட்டாள். அவள் சமவெளியிலிருந்து மணமாகி வந்தவள். மலை மரங்கள் அவளுக்குப் பழக்கம் இல்லை.

"அத்தை! இவன் எதையோ தின்றுவிட்டான்!" என்று கத்தினாள்.

பாட்டி ஓடி வந்தாள். பையன் பழம் பறித்த கிளையைப் பிடித்துப் பார்த்தாள்.

"பயப்படாதே அம்மா. இது கரீக் மரம். இதன் பழத்தைத் தின்னலாம்" என்றாள்.

"எப்படித் தெரியும் அத்தை?"

பாட்டி ஓர் இலையைக் காட்டினாள்.

"இலையின் அடிப்பக்கம் கோணலாக இருக்கிறது. அடியிலிருந்து மூன்று நரம்புகள் கிளம்புகின்றன. ஓரத்தில் ரம்பப் பல் இருக்கிறது. இலைகள் மாறி மாறி வளர்கின்றன. பழத்துக்குள் ஒரே ஒரு கொட்டை."

கரீக் ஒரு பெரிய மரம். பட்டை சாம்பல் நிறமாக, வழவழப்பாக இருக்கும். குளிர்காலத்தில் இலை உதிரும். இலை மாட்டுக்கு நல்ல தீவனம். கட்டை, கருவிகளுக்குப் பிடி போட உதவும். ஆங்கிலத்தில் இவ்வகை மரத்தை ஹாக்பெர்ரி என்பர்.

"மன்சூரிச் செடியும் இங்கே உண்டு. அதன் இலையிலும் மூன்று நரம்புகள் இருக்கும். பழமும் கருப்புத்தான். ஆனால் அது நஞ்சு" என்றாள் பாட்டி.

மன்சூரி ஒரு புதர்ச் செடி. இலைகள் எதிர் எதிராக, ஜோடியாக இருக்கும். ஓரத்தில் பல் இருக்காது. பழத்துக்குள் சிறு சிறு விதைகள் பல இருக்கும். இதன் நஞ்சால் வலிப்பு வரலாம். முசௌரி நகரத்தின் பெயர் இந்தச் செடியிலிருந்து வந்தது என்பர்.

"எனக்கு அடையாளம் தெரிந்தது. தெரியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிப் போயிருப்பேன்" என்றாள் பாட்டி.

பிறகு மருமகளிடம் சொன்னாள்: "நாளை தழை வெட்டத் தனியாக மரம் ஏறாதே. பட்டை ஈரமாக இருந்தால் வழுக்கும். பட்ட கிளையில் கால் வைக்காதே. விழுந்தால் இடுப்பு ஒடியும்."

நினைவில் வைப்போம்

1. பெயர் தெரியாத பழத்தைத் தின்னக் கூடாது. பறவை தின்கிறதே என்று நம்பக் கூடாது.
2. குழந்தை தின்றுவிட்டால் வாயில் மிச்சம் உள்ளதை எடுக்க வேண்டும். வாயைக் கொப்பளிக்கச் செய்ய வேண்டும்.
3. விரலை விட்டோ, உப்பு நீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.
4. வலிப்பு வந்தால் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.
5. தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இலை, பழம் இரண்டையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

பேசுவோம்

உங்கள் வீட்டைச் சுற்றி என்னென்ன மரம், செடிகள் உள்ளன? அவற்றில் நஞ்சு உள்ளவை எவை? பெயர்களை எழுதுங்கள். வீட்டுக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.