பள்ளி இறுதி ஆண்டுகளில் உயர் கணிதம்: தேர்ந்தெடுக்குமுன் ஆராய வேண்டியவை

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த சில வாரங்களுக்குள், மேல்நிலை வகுப்புகளில் கணிதத்தைத் தொடர்வதா, விட்டுவிடுவதா என்பதை ஒவ்வொரு மாணவரும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. “நம் பிள்ளைக்குக் கணக்கு வராது” என்னும் வீட்டாரின் சொல்லே பெரும்பாலும் இதனைத் தீர்மானித்துவிடுகிறது. பெண்மக்களின் விஷயத்தில் இச்சொல் இன்னும் விரைவாக எழுகிறது. கணிதத்தை விடுதல் எளிது. விட்டபின் மீளுதல் அரிது. ஆகையால் ஆசிரியரும், சிற்றூர்களில் பெற்றோருடன் நெருங்கிப் பழகும் களப்பணியாளரும் இதுபற்றித் தெளிவு பெற்றிருத்தல் அவசியம்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பள்ளிகளில் இரு பாடங்கள் உள்ளன: ஒன்று, நெடுங்காலமாக உள்ள ‘கணிதம்’, மற்றொன்று, 2020-21ஆம் கல்வியாண்டில் வந்த ‘பயன்முறைக் கணிதம்’. இரண்டையும் ஒருங்கே எடுக்க இயலாது. முன்னதில் பன்னிரண்டாம் வகுப்பு எழுத்துத் தேர்வின் 80 மதிப்பெண்களில் 35 நுண்கணிதத்துக்கே உரியவை. ஆகவே பத்தாம் வகுப்பில் விரைவாகக் கூட்டிப் பெருக்கியதை மட்டும் கொண்டு ஒருவரின் தகுதியை அளத்தல் பொருந்தாது. வாய்பாட்டில் தடுமாறுவோர் இயற்கணிதத்தில் சிறந்து விளங்குவதும் உண்டு.

தகுதியை அறிய ஒரு சிறு கணக்கே போதும். 40 மீட்டர் வேலிக்கம்பியைக் கொண்டு செவ்வக வடிவில் தோட்டம் அடைக்க வேண்டும். மிகப் பெரிய பரப்பு எது? மாணவர் பலர் 5க்கு 15 என்றால் 75, 8க்கு 12 என்றால் 96, 10க்கு 10 என்றால் 100 சதுர மீட்டர் எனப் பட்டியலிட்டு, சதுரமே பெரிது என்று நிறுத்திக்கொள்வர். அது குறையன்று. இனி ஒரு பக்கம் மதிற்சுவர் இருப்பதாகவும், மூன்று பக்கங்களுக்கு மட்டும் அதே கம்பி வேண்டும் எனவும் கூறுக. “இப்பொழுதும் சதுரமே” என்பவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 178 சதுர மீட்டர். பட்டியலை மீண்டும் போட்டுப் பார்ப்பவர் சுவரிலிருந்து 10 மீட்டர், சுவரையொட்டி 20 மீட்டர் என்ற அளவில் 200 சதுர மீட்டரைக் காண்பார். மூன்றாவது வகையினர், “200க்கு மேல் வராது என்பதற்கு என்ன உறுதி?” என்று வினவுவர். பரப்பை 200 − 2(x − 10)² என எழுதிக் காட்டியதும் அவர்தம் முகம் மலரும். அவர் பத்தாம் வகுப்பில் 60 மதிப்பெண்ணே பெற்றிருப்பினும் நுண்கணிதத்துக்கு ஏற்றவரே. பட்டியலைத் திருத்திக்கொண்டவரும் உழைத்தால் தேறுவார். விடையைக் கூறிவிடுமாறு கெஞ்சுபவரைக் கட்டாயப்படுத்துவதில் பயனில்லை.

கணிதத்துக்கு அஞ்சி உயிரியல் பிரிவை நாடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மருத்துவ நுழைவுத் தேர்வில் இயற்பியலும் உண்டு. பதினோராம் வகுப்பு இயற்பியல் நூல் தொடக்க அதிகாரங்களிலேயே திசைவேகத்தை வகையீட்டால் விளக்குகிறது. கணித வகுப்போ அவ்விடத்தை ஆண்டின் பிற்பகுதியில்தான் எட்டுகிறது. கணிதம் எடுக்காதவருக்கு அப்பகுதியை இயற்பியல் ஆசிரியரே கற்பித்தாக வேண்டும்.

கணிதம் திறக்கும் வாயில்கள் பொறியியலோடு முடிவதில்லை. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் இளநிலைப் படிப்புகளுக்கும், தில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரச் சிறப்புப் பட்டத்துக்கும் அது வேண்டும். தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் விமானப் படை, கடற்படைப் பிரிவுகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியலுடன் கணிதமும் தேவை. தரைப்படைப் பிரிவுக்கு எப்பிரிவினரும் விண்ணப்பிக்கலாமெனினும், எழுத்துத் தேர்வின் 900 மதிப்பெண்களில் 300 கணிதத்துக்கே. 2021 நவம்பர் முதல் பெண்களும் இத்தேர்வை எழுதி வருகின்றனர்; இச்செய்தியைச் சிற்றூர்களில் எடுத்துரைத்தல் நலம்.

வணிகம், சமூகவியல் துறைகளை நாடுவோருக்குப் பயன்முறைக் கணிதம் தாழ்ந்த பாடமன்று. ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் ஒரு லட்சம் ரூபாய் கடன், 12 மாதத் தவணை. முழு முதலுக்கும் ஆண்டு முழுவதும் வட்டி கணக்கிட்டால் மாதத் தவணை 9,333 ரூபாய். குறையும் நிலுவைக்கு மட்டும் கணக்கிட்டால் 8,885 ரூபாய். வட்டி வீதம் ஒன்றே. ஆயினும் செலுத்தும் தொகையில் 5,380 ரூபாய்க்கு மேல் வேறுபாடு. இதனை அறிந்த மகன் அல்லது மகள் உள்ள வீடு எளிதில் ஏமாறாது. எனினும் பொறியியலையோ இயற்பியலையோ கருதுபவர் இதனைத் தேர்ந்தெடுத்தல் தகாது.

பத்தாம் வகுப்பில் ‘அடிப்படைக் கணிதம்’ எழுதியவர் மேல்நிலையில் ‘கணிதம்’ எடுக்கலாமா என்பது பற்றிய விதி பலமுறை தளர்த்தப்பட்டுள்ளது. ஆதலின் அவ்வவ்வாண்டின் சுற்றறிக்கையைப் பார்த்தே விடை கூறுக. கணிதமின்றிப் பன்னிரண்டாம் வகுப்பைக் கடந்தவர், தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் வழியாக அதனைத் தனிப் பாடமாகப் பின்னர் எழுதலாம். ஆயினும் சேர விரும்பும் கல்லூரி அவ்வாறு பெற்ற சான்றினை ஏற்குமா என்பதை, கட்டணம் செலுத்துமுன் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ளச் செய்க.