பூட் மெனுவில் விண்டோஸைக் காணோமா?

அலுவலகக் கணினியில் விண்டோஸோடு லினக்ஸும் போட்டாயிற்று. திரும்ப இயக்கினால் மெனுவில் லினக்ஸ் மட்டும்தான். பதறிப்போய் விண்டோஸை மறுபடி நிறுவக் கிளம்பாதீர்கள். கணினி கிளம்பும்போதே எஃப்12 (சில மாடல்களில் எஃப்9) விசையைத் தட்டி, ஃபர்ம்வேரின் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜர் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் வழியாக விண்டோஸ் திறந்தால் வட்டில் கோளாறு எதுவும் இல்லை. பூட் மெனுவைக் காட்டும் க்ரப் நிரலின் பட்டியலில்தான் பெயர் விடுபட்டிருக்கிறது. மெனுவைச் சரிசெய்யும் வரை கணினிக்கு உரியவரும் இந்த வழியில் தன் வேலையைப் பார்க்கலாம்.

அடுத்து ஓஎஸ்-ப்ரோபர். வட்டின் பகுதிகளைத் துழாவி, மற்ற இயங்குதளங்களைக் கண்டுபிடித்து க்ரப்புக்குச் சொல்லும் சிறு நிரல் இது. 2021இல் வந்த க்ரப் 2.06 பதிப்பில், பாதுகாப்பைக் கருதி, இதை இயல்புநிலையில் முடக்கிவிட்டார்கள். டெபியன் 12க்கு மேம்படுத்திய பல கணினிகளில் விண்டோஸ் மெனுவிலிருந்து காணாமல் போனது இதனால்தான். டெபியன், உபுண்டு என்றால் சூடோ அப்டேட்-க்ரப் கட்டளையைக் கொடுத்து, வரும் வரிகளை நிதானமாகப் படியுங்கள். ஓஎஸ்-ப்ரோபர் இயங்காது என்ற எச்சரிக்கை அங்கேயே இருக்கும். அதைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

ஈடிசி, அதற்குள் டிஃபால்ட், அதற்குள் க்ரப் என்ற கோப்பு. அதில் க்ரப்_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர் என்ற அமைப்புக்கு ஃபால்ஸ் என்று கொடுங்கள். வரி ஏற்கெனவே இருந்து முன்னால் ஹேஷ் குறி இருந்தால், அந்தக் குறியை நீக்கினாலே போதும். பிறகு அப்டேட்-க்ரப்பை மறுபடி ஓட்டுங்கள். ஆர்ச் லினக்ஸில் ஓஎஸ்-ப்ரோபரைத் தனியாக நிறுவ வேண்டும். அங்கே கட்டளையும் க்ரப்-எம்கேகான்ஃபிக்.

இதற்கும் மசியவில்லையா? சிஸ் கோப்புறையின் ஃபர்ம்வேருக்குள் ஈஎஃப்ஐ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் லினக்ஸ் பழைய பயாஸ் முறையில் கிளம்பியிருக்கிறது. விண்டோஸ் யூஈஎஃப்ஐ முறையில் இருந்தால் இரண்டும் ஒரே மெனுவில் சேராது. லினக்ஸை யூஈஎஃப்ஐ முறையில் திரும்ப நிறுவுவதே நேர்வழி; பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கும்போதே யூஈஎஃப்ஐ என்று தொடங்கும் பெயரைப் பிடியுங்கள். விடுபட்டது மறையாக்கம் செய்த இன்னொரு லினக்ஸ் என்றால், அந்தப் பகுதியைத் திறந்து ஏற்றிய பிறகு மெனுவைப் புதுப்பியுங்கள்.

எதைத் தொடுவதற்கும் முன்னால் ஒன்று. விண்டோஸில் பிட்லாக்கர் மறையாக்கம் இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் கணினிக்கு உரியவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பூட் வரிசை மாறினால் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். அந்த நேரத்தில் எண் கையில் இல்லையென்றால் கோப்புகளைத் திறக்க வழியே இல்லை.