குழி பார்க்காமல் ரேட் சொல்லாதே

அன்புள்ள தம்பிக்கு,

திருநின்றவூரில் உனக்கு முதல் வீடு அமைந்திருக்கிறது என்று உன் அப்பா போனில் சொன்னார். என்னோடு இருபது வருடம் மேஸ்திரியாக இருந்தவர். மகன் கையெழுத்துப் போட்டு பிளான் கொடுக்கிறான் என்று சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. எனக்கும் மனசு நிறைந்தது. ஆனால் கூடவே ஒன்று சொன்னார். வீட்டுக்காரர் கேட்டதும் நின்ற இடத்திலேயே சதுரடிக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டாயாம். மனையைப் பார்த்தாய், மண்ணைப் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் உன்னைப்போல் புதிதாக இறங்கியிருக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நானும் உன் வயதில் அப்படித்தான் சொன்னேன். ஆவடிப் பக்கம் ஒரு வீடு. தொழிற்சாலையில் ஓய்வுபெற்றவர், பி.எஃப். பணம் மொத்தமும் அந்த வீட்டில். சதுரத்துக்கு இவ்வளவு என்று வெற்றிலை பாக்கு மாற்றி முடித்தோம். வானம் தோண்டினால் மூன்றடிக்குக் கீழே கறுத்த களி. நாலடி, ஐந்தடி போயும் கடப்பாரை வழுக்கிக்கொண்டு இறங்கியது. ரேட் பேசியாகிவிட்டது, கூடக் கேட்க வாய் வரவில்லை. ஐந்தடியில் நிறுத்தி, மணல் போட்டு, பூட்டிங் போட்டு மூடிவிட்டேன். மூன்றாவது கோடையில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுச்சுவரில் படிப்படியாக இறங்கியது வெடிப்பு. அவர் என்னைத் திட்டவில்லை. கூப்பிட்டு, வெடிப்புக்குள் விரலை விட்டுக் காட்டினார். அந்த விரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நம் பக்கத்து மண் ஒரே மாதிரி இருக்காது. ஒரு தெருவில் செம்மண்ணும் சரளையும், அடுத்த தெருவில் களி. ஏரிக்கரையை ஒட்டிய நகர்களில் மேலே யாரோ கொட்டிய கட்டட இடிசல் நாலடி, அதற்குக் கீழே பழைய வயல் சேறு. களி மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். சித்திரையில் வெறும் மனையில் நடந்து பார். நாணயம் உள்ளே விழும் அளவு வெடிப்பு இருந்தால் அந்த மண் உன் சுவரையும் ஆண்டுக்கு ஒருமுறை தூக்கி இறக்கும். பத்து, பன்னிரண்டு அடிக்குக் கீழே போனால் ஈரம் அவ்வளவாக மாறாது. அடியில் குமிழ் வைத்த அண்டர் ரீம்டு பைலை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துக் கொடுத்தது இப்படிப்பட்ட மண்ணுக்காகத்தான். பைல் போட்டு மேலே பீம் கட்டுவதா, நல்ல மண் வரைக்கும் தோண்டி சாதாரண பூட்டிங் போடுவதா என்பதை மண் பரிசோதனை அறிக்கை சொல்லட்டும். அதற்கு ஆகும் பணம் மொத்த வீட்டுச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாயை ஒட்டித்தான் வரும். வீட்டுக்காரர் வேண்டாம் என்பார். பக்கத்து வீட்டில் செய்யவில்லையே என்பார். நீ அசையாதே. அறிக்கை வரும் வரைக்கும் குறைந்தது மனையின் இரண்டு மூலையில் ஆள் உயரக் குழி எடுத்துப் பார். ஈரமண்ணை உள்ளங்கையில் உருட்டினால் கயிறு மாதிரி நீள்கிறதா, உதிர்கிறதா என்று பார். அப்பாவுக்குப் படிப்பில்லை, ஆனால் இந்தக் கை அவருக்கு உண்டு. கேட்டுக் கற்றுக்கொள்.

மண்ணுக்கு அடுத்தது தண்ணீர். அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து ரெட்டேரிக்கு என்று சங்கிலியாகப் போகிற ஊர் இது. கலங்கலிலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் தரைமட்டம் குறிக்காதே. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று நாலு வீட்டில் கேள். ஆண்கள் முழங்கால் என்பார்கள், பெண்களைக் கேள். கிரைண்டரை எந்தப் படிமேல் ஏற்றினோம் என்று துல்லியமாகச் சொல்வார்கள். பழைய அம்பத்தூர் வீடுகளில் இன்று தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் ஹாலுக்குப் போகிறோம். கட்டும்போது அவையும் மேடாக இருந்தவைதான். ரோடு ஒவ்வொரு முறை போடும்போதும் ஏறிக்கொண்டே போயிற்று. அதனால் இன்றைய ரோட்டைப் பார்த்து இரண்டடி என்று வைக்காதே. வெள்ளக் கறையைப் பார்த்து, அதற்கும் மேலே வை. சம்ப் மூடியையும் அதே கணக்கில் உயர்த்து. மிக்ஜாமின்போது பல வீடுகளில் உள்ளே தண்ணீர் வரவில்லை, ஆனால் சம்பில் சாக்கடை கலந்துவிட்டது.

இந்த உயரத்துக்கு என்ன விலை என்று பேப்பரில் போட்டுக் காட்டு. 900 சதுரடித் தரையை மூன்றடி தூக்கினால் 2,700 கன அடி. மண் இறுகும் என்பதால் கால் பங்கு கூட வேண்டும். 100 கன அடி ஒரு யூனிட் என்றால் 33, 34 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 11, 12 லோடு. தோண்டிய மண் நல்லதாக இருந்தால் கொஞ்சம் மிஞ்சும். களியாக இருந்தால் அதை உள்ளே போடாதே, வெளியே அனுப்பு. அதற்கும் லாரி வாடகை உண்டு. முக்காலடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு திமிசு போட வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே டைல்ஸ் ஒட்டினால் இரண்டு வருடத்தில் தரை உள்வாங்கும்.

இப்போது சொல், நீ சொன்ன சதுரடி ரேட்டில் இது எங்கே இருக்கிறது?

நம் பக்கம் இன்று முழு கான்ட்ராக்ட் சதுரடி 2,200-க்கும் 2,800-க்கும் இடையில் பேசுகிறார்கள். 1,000 சதுரடிக்கு 2,400 என்றால் வீட்டுக்காரர் காதில் 24 லட்சம் என்று விழுகிறது. அவர் வங்கியில் கேட்பதும், மனைவியிடம் சொல்வதும் அந்த 24-தான். பிறகு ஒவ்வொன்றாக வரும்: கூடுதல் ஆழம், மண் நிரப்பல், சம்ப், செப்டிக் டேங்க், போர், காம்பவுண்டு, கேட், மின் இணைப்பு, பிளான் கட்டணம். எல்லாம் சேர்ந்து 30-ஐத் தொடும். அந்த ஆறு லட்சத்துக்குத்தான் நகை அடகுக்குப் போகிறது, பிள்ளைகளின் படிப்புப் பணம் கரைகிறது, கிரகப்பிரவேசம் முடிந்தும் ஜன்னலுக்குக் கதவு இல்லாமல் அட்டை கட்டியிருக்கிறார்கள். யாரும் ஏமாற்றாமலேயே இது நடக்கிறது. ரேட்டை முன்னால் சொல்லி, குழியைப் பின்னால் பார்ப்பதால் நடக்கிறது.

ஆகவே கணக்கை இரண்டாகப் பிரி. தரைமட்டம் வரைக்கும் அளந்து, ஆன வேலைக்கு ஆன பணம். தரைக்கு மேலே வேண்டுமானால் சதுரடி ரேட். மேலே உள்ளதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட சின்ன வீட்டுக்கு சதுரடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட், மூன்றரையிலிருந்து நாலு கிலோ கம்பி. அதாவது 1,000 சதுரடிக்கு 400 மூட்டை, நாலு டன்னுக்குள். இந்தக் கணக்கை வீட்டுக்காரருக்கும் சொல்லிக்கொடு. சிமெண்டுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. அந்த மாதிரி விலை இறங்கினால் இறங்கியதை அவரிடம் சொல். ஏறும்போது மட்டும் சொல்கிறவனை யார் நம்புவார்கள்?

எந்தெந்தப் பொருள், எந்த பிராண்டு, டைல்ஸ் சதுரடி எவ்வளவு விலைக்குள், கதவு என்ன மரம், தண்ணீர் யார் செலவு என்று எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தண்ணீர் செலவை எழுத மறக்கிறவர்கள்தான் அதிகம். அது எழுதப்படாததால்தான் நம் ஊரில் பல தளங்கள் காய்ந்துபோகின்றன. இப்போது வரும் பி.பி.சி. என்ற கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் வேண்டும் என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்து. பில்லருக்கு சாக்கு சுற்று. நாம் வழக்கமாக ஆடியும் மார்கழியும் தவிர்த்து, தையில் தொடங்குகிறோம். குழிக்கு அது நல்ல காலம், ஊற்று இறங்கியிருக்கும். ஆனால் தளம் போடும்போது கத்திரி வெயில் வந்து நிற்கும். காலையும் மாலையும் ஒரு குடம் தெளித்துவிட்டுப் போவது போதாது.

காங்கிரீட் போடும் நாளன்று நீ வேறு எங்கும் போகக் கூடாது. ஒரு மூட்டைக்கு 27 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள். கலவை ஓடவில்லை, தள்ள முடியவில்லை என்று ஒரு பக்கெட் கூட ஊற்றச் சொல்வார்கள். அவர்களைக் கோபிக்காதே; இடுப்பொடிய வேலை செய்கிறவர்கள் இளகிய கலவைதான் கேட்பார்கள். வைப்ரேட்டரை ஓட வை, ஜல்லியையும் எம்-சாண்டையும் பாண்டு கணக்கில் விடாமல் பெட்டியால் அள. எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூசி வருவது உண்டு. கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைத்தால் மேலே படியும் மாவு காட்டிக்கொடுக்கும். கம்பிக்கு விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எடை. 12 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளம், ஒன்று 10.6 கிலோவை ஒட்டி வர வேண்டும். கவரிங் பூட்டிங்கில் 50 மி.மீ., பில்லரில் 40, பீமில் 25, தளத்தில் 20. ஜல்லித் துண்டை முட்டுக்கொடுக்க விடாதே, கவரிங் பிளாக்கை முதல் நாளே ஊற வை. 2002-ல் சென்னையை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் சேர்த்தார்கள். ஆகவே வளையத்தின் கொக்கி உள்ளே 135 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். இதை எல்லா பில்லரிலும் நீயே குனிந்து பார். மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது.

2014 ஜூன் 28 உனக்கு நினைவிருக்காது, அப்போது நீ பள்ளியில் இருந்திருப்பாய். போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில், மாலை மழையில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடி விழுந்தது. 61 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் கட்டட வேலைக்கு வந்தவர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நாம் கட்டுவது ஒரு மாடி, இரண்டு மாடிதான். ஆனால் சென்டரிங்குக்குக் கீழே நிற்கிற உயிர் ஒன்றுதான். முட்டுக் கொடுக்க சவுக்குக் கழியில் எண்ணிக்கை குறைக்காதே. பி.பி.சி. சிமெண்டில், நாலரை மீட்டருக்குட்பட்ட தளத்தின் முட்டுகளைப் பத்து நாளுக்கு முன்னும், அதற்கு மேல் அகலமானதை 20 நாளுக்கு முன்னும் எடுக்காதே. பலகை வாடகை ஏறுகிறது என்று யார் சொன்னாலும் சரி.

உன் சைட்டில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று கேள். 1994-லிருந்து அது இருக்கிறது. இன்றும் பல சித்தாள்களிடம் அட்டை இல்லை, இருந்தால் புதுப்பிக்கவில்லை. பதிவுக்கு நீயே கூட்டிப் போனால் ஒரு அரைநாள் போகும், போகட்டும். சித்தாளுக்கு ஒரு கழிப்பறை, மறைவாக, வேலை தொடங்கும் நாளிலேயே கட்டு. நான் அதைக் கற்றுக்கொள்ளப் பத்து வருடம் ஆனது. அந்தப் பத்து வருடத்தில் எத்தனை பெண்கள் நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் என் சைட்டில் கல் சுமந்தார்கள் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அனுமதி விஷயம் சுருக்கமாக. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய அங்கீகாரமில்லாத மனைகளுக்கு 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. பட்டாபிராம், திருநின்றவூர்ப் பக்கம் அப்படிப்பட்ட மனைகள் நிறைய. வரன்முறை உத்தரவை மூலத்தாளில் பார்க்காமல் கோடு கிழிக்காதே. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுரடி மனைக்குள் 3,500 சதுரடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டுகிறவர்களுக்கு சுயசான்று முறையில் ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு, மக்களுக்கு அலைச்சல் மிச்சம். முன்னால் வந்து பார்க்க யாரும் இல்லாதபோது பார்க்க வேண்டியவன் நீ. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம். களிமண்ணில் இரண்டடித் தொட்டி வெட்டி ஜல்லி கொட்டினால் தண்ணீர் இறங்காது. மணல் அடுக்கு வரை குழாய் இறக்கு.

பின்னால் மாடி எடுப்போம் என்பார்கள். எடுக்கும்படி கடைக்கால் போடு, ஆனால் கம்பியை மொட்டை மாடியில் விட்டுப்போகாதே. ரயிலில் கொரட்டூர் தாண்டும்போது ஜன்னல் வழியே பார், கம்பிகள் துருவேறி வானத்தைப் பார்த்து நிற்கின்றன. சிமெண்ட் பால் பூசி, இளங்காங்கிரீட்டில் மூடி வை.

கடைசியாக, பணம். ஒரு சைட்டுக்கு வந்த பணத்தை இன்னொரு சைட்டில் போடாதே. நம் தொழிலில் நல்லவர்கள் கெட்டுப்போவது இங்கேதான். சனிக்கிழமைக் கூலி முட்டும். புது வீட்டுக்காரரின் அட்வான்ஸ் கையில் இருக்கும். அடுத்த வாரம் சரிக்கட்டிவிடலாம் என்று தோன்றும். மூன்று சைட் ஓடும்போது நாலாவது அட்வான்ஸ் இல்லாமல் எதுவும் ஓடாது என்ற நிலை வந்துவிடும். வீட்டுக்கு ஒரு நோட்டு, வீட்டுக்கு ஒரு வங்கிக் கணக்கு. பில்லை வீட்டுக்காரர் கேட்கும் முன் கொடு.

இப்போது திருநின்றவூர் வீடு. சொன்ன ரேட்டை எப்படி மாற்றுவது என்று தயங்குகிறாய் என்று தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய், ஐயா, குழி பார்க்காமல் சொல்லிவிட்டேன், தரைமட்டம் வரைக்கும் தனிக் கணக்காகத் தருகிறேன் என்று சொல். வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தாலும் கொடுக்கட்டும். சரி என்றால், குழி எடுக்கும் நாளைச் சொல்லி அனுப்பு. அம்பத்தூரில் முதல் மின்சார ரயிலைப் பிடித்து வந்துவிடுகிறேன். அப்பாவையும் அழைத்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் அப்பாவின் பழைய இன்ஜினியர்