குழாயும் கூம்பும்
பித்தளை ஊதுகருவிகளின் நாதம் குறித்து ஓர் ஒப்பீடு

இராயபுரத்திலும் காசிமேட்டிலும் மண ஊர்வலமாயினும் இறுதி ஊர்வலமாயினும் பேண்டு வாத்தியம் முன்னே செல்லக் காண்கிறோம். அக்குழுவினர் ஊதும் பித்தளைக் கருவிகள் பலவகைப்படும். எனினும் பார்ப்போர் நாவில் அவற்றிற்கு வழங்கும் பெயர் ஒன்றே: ட்ரம்பெட். கருவி சற்றுப் பருத்திருந்தால் 'பெரிய ட்ரம்பெட்'. இவ்வாறு ஒரே பெயரால் அழைப்பதால், செவி பிரித்துணரக்கூடிய நாத வேறுபாடுகளையும் நாம் இழந்து வருகிறோமோ என்னும் ஐயமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

தமிழுக்கு இவ்வறுமை இயல்பானதன்று. மலைபடுகடாத்தின் தொடக்கத்தில் பெருங்கௌசிகனார் கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகளை வரிசைப்படுத்துமிடத்துக் கோடு, தூம்பு, குழல் ஆகியவற்றைத் தனித்தனியே சுட்டுகிறார். தூம்பின் ஒலியை யானையின் பெருமூச்சோடு சார்த்திக் கூறுகிறார். பிளிறல் அன்று, பெருமூச்சு! ஒலியின் உரத்தை விட்டு அதன் தன்மையைப் பற்றிய செவி அது.

கோடு என்பது விலங்கின் கொம்பு. கொம்பு என்பதும் அதுவே. இரண்டும் ஊதுகருவிக்குப் பெயராயின. இராணுவத்தில் வழங்கும் 'பியூகிள்' என்னும் பெயரும் இளங்காளையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்ததே. அரபு மொழியின் 'கர்ன்' என்னும் சொல்லும் விலங்கின் கொம்பையும் ஊதுகொம்பையும் ஒருங்கே குறிக்கும். விலங்கின் கொம்பு நுனியில் குறுகி அடிநோக்கி விரிவது. அக்கூம்பு வடிவே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருளுக்குத் திறவுகோல்.

பியூகிளுக்கும் நம் கொம்பிற்கும் எக்காளத்திற்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மூச்சாலும் உதட்டின் இறுக்கத்தாலும் கிடைக்கும் இயற்கைச் சுரங்கள் சிலவே அவற்றில் எழும். டப்ளின் நகரின் ஜோசப் ஹாலிடே 1810-இல் பியூகிளில் துளைகளிட்டு மூடிகள் பொருத்தினார். 1818-இல் ஸ்டோல்செல், புளூமெல் என்னும் ஜெர்மானியர் இருவர் வால்வுக்கு உரிமம் பெற்றனர். வால்வு பொருத்திய பியூகிளே ஃப்ளூகல்ஹார்ன் எனலாம்.

ட்ரம்பெட், கார்னெட், ஃப்ளூகல்ஹார்ன் ஆகிய மூன்றின் சுருளையும் நிமிர்த்தி நீட்டினால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இருக்கும். நீளம் ஒன்றாதலின் சுரமும் ஒன்றே. பின் குரல் வேறுபடுவது எதனால்? ட்ரம்பெட்டின் நீளத்தில் கணிசமான பகுதி ஒரே விட்டமுடைய குழாய். இறுதியில்தான் அது விரிகிறது. ஃப்ளூகல்ஹார்னோ, வால்வுப் பகுதி நீங்கலாக, தொடக்கம் முதலே விரிந்துகொண்டு செல்லும் கூம்பு. வால்வுப் பகுதியில் ட்ரம்பெட்டின் உள்விட்டம் பெரும்பாலும் 11.7 மில்லிமீட்டர், ஃப்ளூகல்ஹார்னிலோ 10.5 அளவே. எனினும் நாகசுரத்தின் அணசு போன்ற அதன் விரிவாய் ட்ரம்பெட்டினதைவிட அகன்றது. குறுகித் தொடங்கி அகன்று முடிதல் என்பது இதுவே. கார்னெட் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது.

வன்மையாக ஊதும்போது ஒலியலையின் முகடு அதன் பள்ளத்தைவிடச் சற்று விரைந்து செல்லும். ஒரே விட்டமுள்ள நீண்ட குழாயில் அலைமுகம் இவ்வாறு செங்குத்தாகிக்கொண்டே போகிறது. அச்செங்குத்து முகமே செவியில் 'பளீர்' என்னும் பித்தளைக் கூர்மையாகப் படுகிறது. டிராம்போனில் இஃது அதிர்ச்சியலையாகவே மாறுவதை ஹிர்ஷ்பர்கு முதலிய ஆய்வாளர்கள் 1996-இல் வெளியிட்டனர். கூம்பினுள் அலை செல்லச் செல்லப் பரந்து வலிகுறைவதால் அதன் முகம் அவ்வளவு செங்குத்தாவதில்லை. ஆகவே ஃப்ளூகல்ஹார்ன் வன்மையாக ஊதினும் மென்மை குன்றாது.

ஊதுவோன் உணர்வும் வேறு. ட்ரம்பெட்டின் ஊதுவாய் ஆழமற்ற கிண்ணம் போன்றது. உதட்டிற்கு உடனே எதிர்ப்புத் தரும். ஃப்ளூகல்ஹார்னின் ஊதுவாய் ஆழ்ந்த புனல் போன்றது. மேல்சுரங்களில் அதனை நிலையாக நிறுத்துதல் அரிது. சுருதி சேர்க்கும் முறையும் கருதத்தக்கது. ட்ரம்பெட்டில் நடுக்குழாயை இழுத்துச் சேர்க்கலாம். கூம்பின் நடுவே அவ்வாறு செய்ய இயலாதாகலின் ஃப்ளூகல்ஹார்னில் ஊதுவாயை ஏந்தும் முன்குழாயையே நகர்த்துவர்.

உலோகத்தால் நாதம் மாறும் என வாதிடுவோர் உளர். பிரெஞ்சு நாட்டுக் கூனோன் கருவியையும் ஜப்பானிய யமஹாவையும் ஒப்பிட்டு, செம்பு மிகுந்த விரிவாயே இனிமை தருவது என்பர். உலோகத்தின் பங்கு சிறிது, வடிவின் பங்கு பெரிது என்பதே நம் கருத்து. 1957-இல் 'மைல்ஸ் அஹெட்' இசைத்தட்டில் மைல்ஸ் டேவிஸ் தம் ட்ரம்பெட்டை வைத்துவிட்டு ஃப்ளூகல்ஹார்னைக் கையிலெடுத்தார். அவ்விசைத்தட்டைக் கேட்போர்க்கு வேறு சான்று வேண்டா.

நம் நாட்டில் பேண்டுக் கருவிகளுக்குப் புகழ்பெற்ற இடம் மீரட். அங்கு நாதிர் அலி பெயரால் வழங்கும் நிறுவனம் 1885-இல் தோன்றியது. ஜாலி கோட்டிப் பகுதியின் பட்டறைகளில் இத்தொழில் பெருகிற்று. பித்தளைக் குழாயை வளைக்குங்கால் நசுங்காதிருக்க உள்ளே ஈயமோ கீலோ உருக்கி நிரப்புதல் இத்தொழிலின் பழைய முறை. கூம்பின் சரிவு ஓரிடத்தில் பிழைத்தாலும் ஒரு சுரம் தடுமாறும்.

ஃப்ளூகல்ஹார்ன் நம் தெருக்களில் அரிது. ஆயின் அதன் குணத்தை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பேண்டுக் குழுவில் மடியிலேந்தி ஊதும் யூஃபோனியமும் கூம்பே. ஏறத்தாழ இரண்டேமுக்கால் மீட்டர்க் குழாய். ட்ரம்பெட்டினும் ஒரு தாயி கீழே ஒலிப்பது. நாம் 'பெரிய ட்ரம்பெட்' என்றழைத்து வந்தது பெரும்பாலும் இதனையே. அளவு பெருகத் தொனி தாழும் என்பதைத் துறைமுகத்தை அடுத்து வாழ்வோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. கடல் மோதல் தவிர்ப்புக்கான 1972 ஆம் ஆண்டுப் பன்னாட்டு விதிகள், 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் ஊதல் 70 முதல் 200 ஹெர்ட்சுக்குள் இருத்தல் வேண்டும் என்கின்றன. 75 மீட்டருக்குக் குறைந்தவற்றிற்கு 250 முதல் 700 வரை. எண்ணூர்க் கரையில் நின்று, கப்பலைக் காணாமலே அதன் பருமனைச் செவியால் உய்த்துணரலாம்.

இராயபுரத்துச் சந்தொன்றில் இறுதி ஊர்வலம் கடந்து செல்ல நாம் ஒதுங்கி நின்றோம். ட்ரம்பெட் இருவர், யூஃபோனியம் ஒருவர். அருகில் வந்தபோது ட்ரம்பெட்டே செவியை நிறைத்தது. யூஃபோனியம் ஊதிய முதியவர் வீணே கன்னம் உப்புவதாகத் தோன்றிற்று. ஊர்வலம் முனையில் திரும்பியது. கூரிய ஒலி தான் நோக்கிய திசையிலேயே செல்வது. சுவர் மறைத்ததும் ட்ரம்பெட் தேய்ந்தது. தாழ்ந்த ஒலியோ முனையை வளைந்து வந்தது. அடுத்த தெருவிலிருந்து அம்முதியவரின் மூச்சு மட்டும் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.