நுரையீரல் புற்றுக்கு இரண்டு வகைக் கதிர்வீச்சு சேரும்போது

மூன்றாம் நிலை நுரையீரல் புற்றில் கட்டி நுரையீரலில் இருக்கும். பெரும்பாலும் நடு மார்பின் நிணநீர்க் கணுக்களிலும் பரவியிருக்கும். பொதுவான வழி, கீமோவோடு ஆறு வாரக் கதிர்வீச்சு. தேர்ந்தெடுத்த சிலருக்குச் சில மையங்களில் இரண்டு முறைகளைச் சேர்க்கிறார்கள். நுரையீரல் கட்டிக்குச் சில சிட்டிங்கில் அதிக அளவு கொடுக்கும் எஸ்.பி.ஆர்.டி.; உணவுக்குழாயும் இதயமும் ஒட்டியிருக்கும் கணுக்களுக்குத் தினமும் சிறுகச் சிறுக ஐ.எம்.ஆர்.டி. அப்படி முடிவானால் நோயாளியும் குடும்பமும் கவனிக்க வேண்டியவை இவை.

செய்ய வேண்டியவை

● முன்பு எங்கே, எப்போது கரண்ட் (கதிர்வீச்சு) வைத்திருந்தாலும் முதல் நாளே சொல்லுங்கள். பத்து வருடத்துக்கு முன் மார்பகத்துக்கு வைத்ததும் கணக்கில் சேரும். தினமும் சிறுகச் சிறுகக் கொடுத்தால் தண்டுவடம் தாங்கும் எல்லை ஏறத்தாழ 45 முதல் 50 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு). பழைய அளவு தெரியாமல் புதிய திட்டம் போட முடியாது.

● இரண்டு முறையும் இரண்டு மருத்துவமனையில் நடந்தால், முதல் இடத்தின் முழுத் திட்டத்தையும் சி.டி. தட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘60 கிரே’ என்று ஒரு வரி இருக்கும்; உணவுக்குழாயில் எவ்வளவு விழுந்தது, நல்ல நுரையீரலில் எவ்வளவு விழுந்தது என்று அதில் இருக்காது. 5 சிட்டிங்கில் கொடுத்த 50 கிரேயும் 25 சிட்டிங்கில் கொடுத்த 50 கிரேயும் உடலுக்கு ஒன்றல்ல. மருத்துவ இயற்பியலாளர் அவற்றைச் சம அளவுக்கு மாற்றித்தான் கூட்ட வேண்டும். “ரெண்டு பிளானையும் சேர்த்துப் பார்த்தாச்சா, டாக்டர்?” என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

● மூச்சோடு கட்டி நகர்வதைப் படம்பிடிக்கும் 4டி சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது வழக்கம்போல் மூச்சு விடுங்கள். மூச்சோடு கட்டி ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் நகரலாம். மூச்சைப் பிடிக்கும் முறை என்றால் வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

● வாரம் ஒருமுறை எடை பாருங்கள். உடல் இளைத்தாலோ கட்டி சுருங்கினாலோ திட்டத்தைத் திருத்த நேரலாம்.

● மூன்றாவது வாரவாக்கில் விழுங்க வலிக்கும். கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, புளிக்காத மோர் என்று மாற்றுங்கள். காரமும் ஊறுகாயும் ஆவி பறக்கும் ரசமும் வேண்டாம். சாப்பாடு குறைந்தால் அன்றே சொல்லுங்கள்.

● கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்து முடிந்து, நோய் கட்டுக்குள் இருந்தால், துர்வலுமாப் என்ற நோயெதிர்ப்புச் சிகிச்சை ஊசி பொருந்துமா என்று கேளுங்கள். அதன் பலனை 2017இல் காட்டிய ‘பசிபிக்’ ஆய்வில் கதிர்வீச்சு முடிந்த 42 நாளுக்குள் ஊசியைத் தொடங்கினார்கள். விலை மிக அதிகம்; காப்பீட்டு விசாரிப்பைச் சிகிச்சை நடக்கும்போதே ஆரம்பியுங்கள்.

செய்யக்கூடாதவை

● “இன்னும் கொஞ்சம் கூட்டி வையுங்க” என்று வற்புறுத்தாதீர்கள். 2015இல் வெளிவந்த ஆர்.டி.ஓ.ஜி. 0617 ஆய்வில், 60 கிரே பெற்றவர்களைவிட 74 கிரே பெற்றவர்கள் குறைவான காலமே வாழ்ந்தார்கள்.

● எல்லாவற்றையும் ஐந்தே சிட்டிங்கில் முடிக்கச் சொல்லாதீர்கள். பெரிய மூச்சுக்குழாய்களிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் உள்ள கட்டிக்கு மிக அதிக அளவை மூன்றே சிட்டிங்கில் கொடுத்தபோது கடும் பாதிப்புகள் வந்ததை 2006இல் அமெரிக்காவின் இந்தியானா மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

● கல்யாணம், தீபாவளி என்று சிட்டிங்கைத் தள்ளாதீர்கள். சிகிச்சை நீண்டால் புற்றணுக்கள் மீண்டும் பெருகும். இயந்திரம் பழுதானால், விட்ட சிட்டிங்கை எப்படி ஈடுகட்டுவார்கள் என்று கேளுங்கள்.

● உடலில் போட்ட அடையாளக் கோடுகளைத் தேய்த்துக் கழுவாதீர்கள். சிட்டிங்குக்கு முன் அந்த இடத்தில் எண்ணெயோ மஞ்சளோ பூசாதீர்கள்.

● பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம். வீட்டில் மற்றவர்களும் பிடிக்கக் கூடாது.

● பேரப்பிள்ளைகளைத் தள்ளி வைக்காதீர்கள். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடலில் தங்காது.

● சிகிச்சை முடிந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமல், லேசான காய்ச்சல், மூச்சிரைப்பு வந்தால் சளி என்று விட்டுவிடாதீர்கள். அது கதிர்வீச்சால் வந்த நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். நம் ஊரில் இதை நிமோனியா என்றோ டி.பி. என்றோ எடுத்துக்கொள்ள இடமுண்டு; எந்த டாக்டரிடம் போனாலும் மார்பில் கரண்ட் வைத்ததை முதலில் சொல்லுங்கள். ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தால், இருமல் நின்றதும் நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.