பட்டை கூட்டினால் பலம் கூடுமா?
பழைய பிக்கப் வண்டியின் சஸ்பென்ஷன்: ஒரு தொழிற்பாடம்



பெங்களூருவில் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு பிக்கப் வண்டிதான் சோறு போடுகிறது. காய்கறி, பூ, தண்ணீர்க் கேன், மரச்சாமான், கட்டடச் சாமான் என்று ஏதேனும் ஒன்றை ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே புறப்பட்டுவிடுவார்கள். வண்டி பெரும்பாலும் பழையதாகவே இருக்கும். முப்பது ஆண்டுகள் மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன் என்பதால், அவர்களில் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “பின்பக்கம் உட்கார்ந்துபோச்சு, ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டுடலாமா?”

ஒரு காலத்தில் நான் யோசிக்காமல் “போடலாம்” என்று சொன்னேன். சொன்னது என் சொந்தத் தம்பிக்கு. அதன் விலையை எங்கள் குடும்பம் கொடுத்தது. அந்த அனுபவத்தையும், அதற்குப் பிறகு நான் உட்கார்ந்து போட்ட கணக்கையும் இந்தப் பாடத்தில் எழுதுகிறேன்.

கட்டை வண்டியும் வில்வண்டியும்

சஸ்பென்ஷன் என்றால் என்ன என்பதை நம் பாட்டன்மார் நமக்கு முன்பே அறிந்திருந்தார்கள். கட்டை வண்டியில் அச்சு நேராக வண்டிச் சட்டத்தோடு பிணைந்திருக்கும். கல்லில் ஏறினால் முதுகெலும்பு சொல்லும். வில்வண்டியில் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை வில்லாக வளைத்து வைத்திருப்பார்கள். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் வில்வண்டியில் போனார்கள். நெல் மூட்டை கட்டை வண்டியில் போனது. இங்கிலாந்தில் ஒபதியா எலியட் என்பவர் 1804இல் குதிரை வண்டிக்கான நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று டாட்டா 407, டாட்டா ஏஸ், மகிந்திரா பிக்கப் ஆகியவற்றின் பின் அச்சில் இருப்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த பட்டைக்கட்டுதான்.

இந்த வில்லுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, பாரத்தைத் தாங்குவது. இரண்டு, சக்கரம் எப்போதும் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி பார்த்துக்கொள்வது. முதல் வேலை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். உயிரைக் காப்பது இரண்டாவது வேலை.

எங்கள் வீட்டுக் கதை

தம்பியுடையது முன்னும் பின்னும் பட்டை உள்ள பழைய பிக்கப். ராயக்கோட்டையிலிருந்து தக்காளி ஏற்றி, ஓசூர் வழியாகப் பெங்களூரு கலாசிபாளையத்துக்குக் கொண்டுவருவான். ஆர்.சி. புத்தகப்படி ஏற்றக்கூடியது ஒரு டன். ஒரு கிரேட்டு 25 கிலோ என்று வைத்தால் 40 கிரேட்டு. நாங்கள் ஏற்றியது 56. வாடகை கிரேட்டுக் கணக்கில்தான் என்பதால் கை தானாக அடுக்கிக்கொண்டே போகும்.

2012இல் வண்டியின் பின்பக்கம் இறங்கி, இடப்புறம் சாய்ந்து நின்றது. நான் பார்த்துவிட்டு, “பக்கத்துக்கு ரெண்டு பட்டை சேர்த்துடுவோம், கல்லு மாதிரி நிக்கும்” என்றேன். “ஷாக்கும் மாத்தணுமாண்ணா?” என்று தம்பி கேட்டான். காசு குறைவாக இருந்தது. “அது அப்புறம் பார்த்துக்கலாம்” என்றேன். ஐந்து பட்டை இருந்த கட்டு ஏழு பட்டை ஆனது. 56 கிரேட்டு ஏற்றியும் வண்டி நிமிர்ந்து நின்றது. நான் பெருமைப்பட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு மழைநாள். சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஓசூர் சாலையில் ஒரு வேகத்தடை. கடைசி நேரத்தில்தான் கண்ணில் பட்டது. பிரேக் அடித்தபடியே ஏறியதும் பின்பக்கம் ஒருமுறை எகிறியது. இறங்கி மறுபடியும் எகிறியது. அந்த இரண்டாம் எகிறலில் வண்டி குறுக்கே திரும்பி நடுத்திட்டில் மோதியது. தம்பிக்குச் சிராய்ப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மகனுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. பையனுக்கு அப்போது 14 வயது. இன்றும் வலது கையை அவனால் முழுதாக மேலே தூக்க முடியாது.

மழையும் ஒரு காரணம்தான். ஆனால் வண்டியின் அடியில் நான் செய்து வைத்ததையும் ஒரு காரணமாகச் சேர்க்காவிட்டால் அது பொய்க் கணக்கு.

பட்டையின் கணக்கு

பட்டைக்கட்டின் விறைப்பு முக்கியமாக மூன்று விஷயங்களைப் பொறுத்தது. பட்டைகளின் எண்ணிக்கை கூடினால் அதே விகிதத்தில் விறைப்பும் கூடும். தடிமன் கூடினால் அதன் மூன்றாம் படியில் கூடும். நீளம் கூடினால் மூன்றாம் படியில் குறையும்.

ஐந்து பட்டையோடு அதே போன்ற ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ 20 சதவீதம் கூடும். இரண்டைச் சேர்த்தால் 40 சதவீதம். ஆனால் 7 மி.மீ. பட்டைகளுக்குப் பதில் 8 மி.மீ. பட்டைகளைப் போட்டால்? எட்டின் மூன்றாம் படி 512, ஏழின் மூன்றாம் படி 343. வகுத்தால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஒரே ஒரு மில்லி மீட்டரில் பாதிக்குப் பாதி விறைப்பு கூடிவிடுகிறது. “கொஞ்சம் கனமான பட்டை” என்று கடையில் கேட்டு வாங்குவது எவ்வளவு பெரிய மாற்றம் என்று பாருங்கள்.

அடுத்து ஒரு சுலபமான சூத்திரம். பாரத்தால் வில் எத்தனை செ.மீ. அமுங்குகிறதோ அதன் வர்க்கமூலத்தால் ஐந்தை வகுத்தால், வண்டி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் துள்ளும் என்பது கிடைக்கும். 9 செ.மீ. அமுங்கினால் ஐந்தை மூன்றால் வகுக்க, நொடிக்கு 1.7 முறை. 4 செ.மீ. அமுங்கினால் 2.5 முறை. 1 செ.மீ. மட்டும் அமுங்கினால் 5 முறை.

இதைத் தம்பி வண்டி போன்ற ஒன்றுக்குப் பொருத்துவோம். வெறும் வண்டியில் ஒரு பின்வில்லின் மேல் 200 கிலோ, பாரத்தோடு 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பட்டையில் விறைப்பு செ.மீ.க்கு 50 கிலோ என்றால், வெறும் வண்டியில் 4 செ.மீ. அமுங்கும், துள்ளல் நொடிக்கு 2.5. பாரத்தோடு 12 செ.மீ. அமுங்கும், துள்ளல் 1.4. ஏழு பட்டை ஆனபின் விறைப்பு 70 கிலோ. பாரத்தோடு துள்ளல் 1.7 என்று கொஞ்சமே கூடும். வெறும் வண்டியில் அது 3 ஆகிவிடும்.

ஆக, நாம் பட்டை சேர்த்தது பாரம் ஏற்றிய வண்டியை மனத்தில் வைத்து. அதன் கேடு முழுவதும் வந்து விழுந்தது வெறும் வண்டியின் மேல். திரும்பும் பயணத்தில் வண்டி வெறுமையாகத்தான் இருக்கும் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. உட்கார்ந்திருக்கும் மனித உடலை மேல்கீழ் அதிர்வில் மிகவும் வாட்டுவது நொடிக்கு 4 முதல் 8 வரையிலான துடிப்பு. விறைப்பைக் கூட்டக் கூட நாம் அந்த எல்லையை நெருங்குகிறோம். ஓட்டுநர்களின் இடுப்பு வலிக்கு வயது மட்டும் காரணம் அல்ல.

ஷாக் அப்சார்பர் எதற்கு?

வில் வாங்கிய சக்தியை அப்படியே திருப்பிக் கொடுக்கும். அமுக்கிவிட்டால் துள்ளிக்கொண்டே இருக்கும். அதை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் பிதுங்கி ஓடும்போது துள்ளலின் சக்தி வெப்பமாக மாறிவிடுகிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதும் கொஞ்சம் அடக்கும். ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது.

வில் விறைப்பாக ஆக, அதை அடக்க ஷாக்குக்கும் வலு அதிகம் வேண்டும். நாங்கள் வில்லைப் பலப்படுத்திவிட்டுச் செத்துப்போன ஷாக்கை அப்படியே விட்டோம். அந்த இரண்டாம் எகிறலை அடக்க அங்கே ஆள் இல்லை.

ஷாக் நல்லதா என்று பார்க்க மூன்று வழிகள். வண்டியின் ஒரு மூலையை உடம்பின் பாரத்தால் அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும், ஆடிக்கொண்டே இருக்கக் கூடாது. உடம்பில் எண்ணெய்க் கசிவு இருக்கக் கூடாது. கரடான சாலையில் ஓட்டி வந்து நிறுத்தியதும் ஷாக்கை மெல்லத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேலை செய்கிறது, மற்றவை சூடாகி ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது செத்தது.

பட்டை கூட்டினாலும் கூடாதவை

பட்டை கூட்டுவதால் அச்சின் பலம் கூடாது. பேரிங்கு, டயர், பிரேக், சேஸிஸ் எதன் பலமும் கூடாது. முன்பு வில் வாங்கிய அடியை இப்போது சேஸிஸ் வாங்கும். பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டுகளின் அருகே விரிசல் விடுவது இதனால்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சில பிக்கப்புகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு நெம்புகோலோடு பாரம் உணரும் பிரேக் வால்வு இருக்கும். வண்டி தாழ்ந்தால் “பாரம் இருக்கிறது” என்று அறிந்து பின்சக்கரங்களுக்குப் பிரேக் அழுத்தத்தைக் கூட்டும். விறைத்த பட்டையால் வண்டி தாழாமல் நின்றால், முழுப் பாரம் இருக்கும்போதும் வால்வு அதை வெறும் வண்டி என்றே எண்ணிப் பிரேக்கைக் குறைத்துவிடும்.

சரியான வரிசை

1. அளவெடுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே பாடி வரை இரு பக்கமும் டேப்பால் அளந்து குறித்து வையுங்கள். பாரம் ஏற்றியபின் மறுபடியும் அளவெடுங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும்.

2. தேய்ந்தவற்றை மாற்றுங்கள். சாக்கிள், பின், புஷ், சென்டர் போல்ட் ஆகியவற்றை முதலில் பாருங்கள். யூ போல்ட்டைக் கழற்றினால் புதிதாகவே போடுங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்று வண்டியின் பாரம் வில்லில் இருக்கும்போதுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

3. ஷாக்குகளை மாற்றுங்கள். ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

4. பட்டை உண்மையிலேயே சோர்ந்திருந்தால் கம்பெனி சொன்ன எண்ணிக்கை, தடிமன், வளைவு உள்ள புதிய கட்டை இரு பக்கமும் போடுங்கள். பழைய பட்டையை உலையில் காய்ச்சி வளைப்பது மலிவுதான். ஆனால் முறையாக மறுபடியும் பதப்படுத்தாவிட்டால் எஃகின் வில்தன்மை போய்விடும். சில மாதத்தில் மீண்டும் இறங்கும் அல்லது உடையும்.

5. உங்கள் மாடலுக்குக் கம்பெனியே ஹெல்பர் பட்டை தருகிறது என்றால் அதைப் போடலாம். வெறும் வண்டியில் அது தொடாமல் நிற்கும். பாரம் ஏறியபின்தான் சேர்ந்து தாங்கும். இரு நிலைக்கும் ஏற்றது இதுவே.

6. கடைசியாக டயர்க் காற்று, வீல் அலைன்மென்ட், முகவிளக்கின் உயரம். சில நூறு கிலோ மீட்டர் ஓடியபின் யூ போல்ட்டை மறுபடியும் இறுக்குங்கள்.

ஜே.சி. ரோட்டிலும் கலாசிபாளையத்திலும் உதிரிபாகம் வாங்கும்போது ஆர்.சி. நகலையும் பழைய பட்டையின் அளவையும் கையில் கொண்டு போங்கள். வண்டியின் கீழே ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். அமுங்கிய கட்டின் சென்டர் போல்ட்டைப் பிடிமானம் இல்லாமல் கழற்றினால் பட்டை அம்பு போலப் பாயும்.

சட்டம் சொல்வது

பட்டை கூட்டுவதால் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை மாறாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவு விவரங்கள் கம்பெனி குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அதிக பாரத்துக்கு 194ஆம் பிரிவு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் சொல்கிறது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி எழுப்பவும் நாமே இடம் கொடுத்தவர்கள் ஆவோம்.

முடிவாக

விபத்துக்குப் பின் தம்பி வண்டியை விற்கவில்லை. விற்றால் வேறு பிழைப்பு இல்லை. சேர்த்த பட்டைகளைக் கழற்றினோம். புஷ், பின், ஷாக் எல்லாம் புதிது போட்டோம். கிரேட்டு 40 ஆனது. ஒரு நடைக்கு 16 கிரேட்டு வாடகை குறைந்தது. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சும் வந்தது. ஆனால் அடிக் கிரேட்டில் தக்காளி நசுங்கிச் சாறு வடிவது குறைந்தது, டயரும் கூடுதல் நாள் உழைக்கிறது. நட்டம் முழுவதும் ஈடாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இப்போது வண்டியை ஓட்டுவது அந்தப் பையன்தான். ஏற்றும்போது பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணுவான். நாற்பது வந்ததும் இடது கையை உயர்த்தி நிறுத்தச் சொல்வான். ஏன் இடது கை என்று ஏற்றுகூலிக்காரர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பயிற்சி

1. நான்கு பட்டை உள்ள கட்டில் அதே போன்ற ஐந்தாவதைச் சேர்த்தால் விறைப்பு எவ்வளவு கூடும்?
2. 6 மி.மீ. பட்டைகளை எடுத்துவிட்டு அதே எண்ணிக்கையில் 7 மி.மீ. போட்டால்?
3. பாரத்தால் வில் 16 செ.மீ. அமுங்கினால் வண்டி நொடிக்கு எத்தனை முறை துள்ளும்?

விடை: 1. ஏறத்தாழ 25 சதவீதம். 2. ஏறத்தாழ 59 சதவீதம். 3. 1.25 முறை.

மோட்டார்த் தொழிலில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். பள்ளியில் படித்த வர்க்கமூலம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.